மெட்டல் இசைக்கு ஏற்ற கிட்டார் தந்தி: சுருதி, இழுவிசை, தடிமன்

மின்கிட்டாரில் மெட்டல் இசை வாசிப்போரிடையே, தந்தி எவ்வளவு தடிமனாக இருக்கிறதோ அவ்வளவு கனமாக ஒலி பிறக்கும் என்னும் நம்பிக்கை ஆழமாக வேரூன்றியுள்ளது. இந்நம்பிக்கை முற்றிலும் பொய்யன்று என்றாலும், விளைவைக் காரணமாகக் கொள்ளும் பிழை அதில் இருக்கிறது. மெட்டல் இசைக்குழுக்களில் பல, கிட்டாரின் சுருதியை வழக்கமான நிலையைவிடத் தாழ்த்தி வாசிக்கின்றன. அவ்வாறு தாழ்த்தும்போது தந்திகள் தளர்ந்துபோவதால், அத்தளர்வை ஈடுசெய்யத் தடித்த தந்திகளைப் பூட்ட வேண்டியிருக்கிறது. தாழ்ந்த சுருதியையும் தடித்த தந்தியையும் எப்போதும் சேர்த்தே கண்டு பழகியவர்கள், ஒலியின் கனத்துக்குரிய பெருமையைத் தடிமனுக்கே கொடுத்துவிடுகிறார்கள். கருவி எந்தச் சுருதியில் நிற்கப் போகிறது, தந்தி அதிரும் நீளம் எவ்வளவு, அந்த நீளத்தில் எவ்வளவு இழுவிசை வேண்டும் என்பவை முடிவானால், தடிமன் கணக்கின் விடையாகத் தானே வந்து நிற்கும்.

மெட்டல் இசையின் பிறப்பே இதற்குச் சான்று பகர்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் உருவாகி, 1970 பிப்ரவரியில் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்ட பிளாக் சப்பாத் குழுவிலிருந்தே மெட்டல் இசையின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அக்குழுவின் கிட்டார் கலைஞரான டோனி அயோமி, தம் 17ஆம் வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது நேர்ந்த விபத்தில், வலக்கையின் நடுவிரல் நுனியையும் மோதிரவிரல் நுனியையும் இழந்தார். இடக்கைப் பழக்கம் உடையவராதலால், தந்தியை அழுத்துவதற்கு அவர் பயன்படுத்தியது அந்த வலக்கையைத்தான். பிளாஸ்டிக்கை உருக்கித் தாமே வடித்துக்கொண்ட உறைகளை அவ்விரல்களில் மாட்டியபடி வாசிக்கத் தொடங்கிய அவருக்கு, அன்று கடைகளில் கிடைத்த தந்திகளை அழுத்துவதும் வளைப்பதும் பெருந்துன்பமாக இருந்ததால், பாஞ்சோ என்னும் கருவிக்குரிய மெல்லிய தந்திகளைக் கிட்டாரில் பூட்டினார். 1971இல் வெளிவந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தொகுப்பின் சில பாடல்களில் கருவியின் சுருதியையே மூன்று அரைச்சுரம் தாழ்த்தி, இழுவிசையை மேலும் குறைத்துக்கொண்டார். ராக் இசை அதுவரை கேட்டிராத இருண்ட, கனத்த ஒலி அங்கிருந்துதான் வந்தது. அந்தக் கனத்துக்கு மெல்லிய தந்தி தடையாக நிற்கவில்லை என்பதைத் தந்தி வாங்கப் புறப்படும் ஒவ்வொருவரும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இழுத்துக் கட்டப்பட்ட தந்தியின் அதிர்வெண்ணை, அதாவது ஒரு நொடியில் அது அதிரும் எண்ணிக்கையை, எவையெவை தீர்மானிக்கின்றன என்பதை முறையான விதிகளாக எழுதிவைத்தவர் பிரெஞ்சு நாட்டுத் துறவியும் கணித அறிஞருமான மாரின் மெர்சென் ஆவார். 1636இல் வெளிவந்த இசை இயல் பெருநூலில் அவர் வகுத்துக் கூறியவற்றின் சாரம் இது: தந்தியின் அதிரும் நீளம் இரு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும்; இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரு மடங்காகும்; ஓரலகு நீளத்துக்குரிய நிறை நான்கு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும். கிட்டாரில் அதிரும் நீளம் என்பது, கழுத்தின் தலைப்பகுதியில் தந்தி தங்கும் நட் என்னும் பள்ளத்திலிருந்து, உடற்பகுதியில் அது ஏறி நிற்கும் பிரிட்ஜ் வரையிலான தொலைவு. வீணையில் குதிரை செய்யும் வேலையையே கிட்டாரில் பிரிட்ஜ் செய்கிறது. இத்தொலைவு ஃபெண்டர் வகைக் கிட்டார்களில் 25.5 அங்குலம் (648 மில்லிமீட்டர்) என்றும், கிப்சன் வகைக் கிட்டார்களில் 24.75 அங்குலம் என்றும் குறிக்கப்படுகிறது. ஒரே தந்தியை ஒரே சுருதியில் இவ்விரண்டிலும் பூட்டினால், குறுகிய நீளமுடைய கிட்டாரில் இழுவிசை ஏறத்தாழ 6 விழுக்காடு குறைந்திருக்கும்.

தந்தியின் தடிமனைக் கேஜ் என்று குறிப்பிடுவர்; அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டது. பத்து என்று சொல்லப்படும் தந்தியின் விட்டம் 0.010 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டியது. ஆறு தந்திகள் அடங்கிய தொகுப்பை, அதன் மிக மெல்லிய தந்தியையும் மிகத் தடித்த தந்தியையும் கொண்டு 9–42, 10–46, 11–49 என்று பெயரிட்டு அழைப்பது வழக்கம். இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் இத்தகைய மெல்லிய தொகுப்புகள் 1960களுக்கு முன் அரிதாகவே இருந்தன. கலிபோர்னியாவில் கிட்டார் கடை நடத்திய எர்னி பால், மாணவர்கள் தடித்த மூன்றாம் தந்தியோடு படும் பாட்டைக் கண்டு, அதனினும் மெல்லிய தந்தியைக் கொண்ட தொகுப்பை அப்பதிற்றாண்டின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்ததே இம்மாற்றத்துக்குப் பெரிதும் வழிவகுத்தது.

வழக்கமான சுருதியில் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி 82.4 ஹெர்ட்ஸில் 'ஈ' என்னும் சுரத்தையும், மிக மெல்லிய தந்தி அதற்கு இரண்டு ஸ்தாயி மேலே 329.6 ஹெர்ட்ஸில் அதே சுரத்தையும் ஒலிக்கின்றன. 25.5 அங்குல நீளமுடைய கிட்டாரில் 10–46 தொகுப்பைப் பூட்டினால், மெல்லிய தந்தி ஏறத்தாழ 7.3 கிலோ எடைக்குச் சமமான விசையாலும், தடித்த தந்தி 7.9 கிலோ எடைக்குச் சமமான விசையாலும் இழுக்கப்படுகின்றன. ஆறும் சேர்ந்து கழுத்தின்மீது செலுத்தும் விசை 47 கிலோவை ஒட்டியது. 9–42 தொகுப்பில் தடித்த தந்தியின் இழுவிசை 6.7 கிலோ அளவுக்கு இறங்குகிறது. மெட்டல் வாசிப்போர் பலருக்கு இவ்விரு எண்களின் அண்மையிலேயே கை இணக்கம் அமைகிறது என்பதால், அடித்தந்திக்கு ஆறரை முதல் எட்டரை கிலோ வரையிலான இழுவிசையை நடைமுறைக்கு உகந்த எல்லையாகக் கொள்ளலாம்.

சுருதியைத் தாழ்த்தும்போது நிகழ்வதை இந்த எண்களே தெளிவாகக் காட்டுகின்றன. அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே அதிர்வெண்ணில் சிறிய இறக்கமும் இழுவிசையில் பெரிய இறக்கத்தைக் கேட்கிறது. ஓர் அரைச்சுரம் தாழ்த்தும் ஒவ்வொரு முறையும் இழுவிசை ஏறத்தாழ 11 விழுக்காடு குறைகிறது. அதே 46 தந்தியை இரண்டு அரைச்சுரம் இறக்கி 'டி'யில் நிறுத்தினால் இழுவிசை 6.3 கிலோவாகிறது, நான்கு அரைச்சுரம் இறக்கிச் 'சி'யில் நிறுத்தினால் 5 கிலோவாகிறது, ஐந்து அரைச்சுரம் இறக்கிப் 'பி'யில் நிறுத்தினால் நான்கரை கிலோவுக்கும் சற்றுக் குறைகிறது. அயோமி இறக்கிய மூன்று அரைச்சுரம், எந்தத் தந்தியானாலும் அதன் இழுவிசையில் 29 விழுக்காட்டைப் பறித்துவிடும்.

இழந்த இழுவிசையை மீட்க ஓரலகு நீளத்துக்குரிய நிறையைக் கூட்ட வேண்டும். நிறை, விட்டத்தின் வர்க்கத்தோடு கிட்டத்தட்ட ஒத்து வளர்வதால், ஓர் அரைச்சுரம் தாழ்த்தினால் தடிமனை ஏறத்தாழ 6 விழுக்காடு கூட்ட வேண்டும் என்னும் எளிய விதி கிடைக்கிறது. சுற்றுக்கம்பியும் உட்கம்பியும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால் இவ்விதி சற்றே முன்பின்னாக இருக்கும் என்றாலும், கடையில் நின்று முடிவெடுக்க இது போதும். 'ஈ'யில் 46 தந்தி தந்த அதே இறுக்கத்தை 'டி'யில் 52ஆம், 'சி'யில் 58ஆம், 'பி'யில் 61 அல்லது 62ஆம் தரும். இறுக்கம் ஒரு படி குறைந்தாலும் பரவாயில்லை என்பவர் ஒரு படி மெல்லியதை எடுத்துக்கொள்ளலாம்.

மெட்டல் இசையில் பெரிதும் வழங்கும் டிராப் முறைச் சுருதிகளுக்கு இவ்விதியை அப்படியே பொருத்திவிட முடியாது. டிராப் டி என்னும் முறையில் மற்ற ஐந்து தந்திகளும் வழக்கமான இடத்திலேயே இருக்க, அடித்தந்தி மட்டும் இரண்டு அரைச்சுரம் இறங்குகிறது. இதனால் அடியிலுள்ள மூன்று தந்திகளை ஒரே விரலால் அழுத்தி, ஆதார சுரமும் பஞ்சமமும் சேர்ந்த பவர் கார்டு என்னும் இணைப்பை மிக விரைவாக நகர்த்த முடிகிறது. ஆனால் சமச்சீரான தொகுப்பொன்றைப் பூட்டியிருந்தால், ஐந்து தந்திகள் இறுக்கமாகவும் மிகுதியாக அடிபடும் ஆறாவது தந்தி தொய்ந்தும் கிடக்கும். மேல் தந்திகள் மெல்லியனவாகவும் கீழ்த் தந்திகள் தடித்தனவாகவும் அமைந்த 10–52 போன்ற கலப்புத் தொகுப்புகள் இதற்காகவே விற்கப்படுகின்றன. எல்லாத் தந்திகளையும் இரண்டு அரைச்சுரம் இறக்கி, அடித்தந்தியை மேலும் இரண்டு இறக்கும் டிராப் சி முறைக்கு 11–56 அளவு பொருந்துகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், அதன் மெல்லிய தந்தி ஏழு கிலோவிலும் அடித்தந்தி ஏழரை கிலோவை ஒட்டியும் நின்று, வழக்கமான சுருதியில் 10–46 தரும் உணர்வுக்கு மிக நெருங்கி வருகிறது.

தொய்ந்த தந்தியால் விளையும் கேடுகளில் மிகக் கொடியது சுருதி பிறழ்வு. தந்தியை வில்லையால் மீட்டும்போது அது பக்கவாட்டில் இழுபட்டுச் சற்றே நீள்கிறது. நீள்வதால் இழுவிசை கூடுகிறது. கூடிய இழுவிசையால் சுரம் தொடக்கத்தில் உயர்ந்து ஒலித்து, அதிர்வு அடங்க அடங்கத் தன் இடத்துக்கு இறங்குகிறது. இறுக்கமான தந்தியில் இவ்வுயர்வு காதுக்கு எட்டாத அளவினதாக இருக்கும். தொய்ந்த தந்தியிலோ இரு காரணங்கள் ஒன்றுசேர்கின்றன: ஒரே விசையோடு மீட்டினாலும் அது அகலமாக விலகுகிறது, அவ்விலகலால் கூடும் இழுவிசை, ஏற்கெனவே குறைவாக உள்ள இழுவிசையின் பெரும்பங்காகிவிடுகிறது. கணித முறையில், ஒரே தந்தியில் இழுவிசை பாதியாகும்போது, மீட்டும் விசை மாறாதிருந்தால், இப்பிறழ்வு ஏறத்தாழ எட்டு மடங்காகப் பெருகும். மெட்டல் இசையில் ரிஃப் எனப்படும் திரும்பத் திரும்ப வரும் இசைத்தொடர்கள் வன்மையான மீட்டலால் ஆனவை; ஒவ்வொரு மீட்டலிலும் அடிச்சுரம் மேலேறி இறங்கினால், இரண்டு கிட்டார்கள் ஒன்றாக வாசிக்கும் குழுவில் அவை ஒருபோதும் ஒத்திசையா. சுருதிமானியைப் பார்த்து எவ்வளவு கவனமாகச் சுருதி கூட்டினாலும் இக்குறை தீராது, ஏனெனில் அங்கே மெல்லத் தட்டிக் கூட்டிய சுருதி ஒன்று, மேடையில் ஓங்கி அடிக்கும்போது பிறக்கும் சுருதி வேறொன்று.

அகலமாக அதிரும் தந்தி, வீணையின் மெட்டுகளுக்கு நிகரான ஃப்ரெட்டுகளில் மோதிக் கரகரப்பையும் உண்டாக்குகிறது. அதைத் தவிர்க்கத் தந்திகளைக் கழுத்திலிருந்து உயர்த்தினால் விரைவு குறைகிறது. தந்தியின் அசைவை மின்சாரமாக மாற்றும் பிக்கப் என்னும் உறுப்பிலுள்ள காந்தமும், தொய்ந்த தந்தியைத் தன்பால் இழுத்து அதன் அதிர்வைக் குலைக்கக்கூடும். தாழ்ந்த சுருதியில் சுரம் நடுங்குவதுபோல் ஒலித்தால், தந்தியை மாற்றுமுன் பிக்கப்பைச் சற்றுத் தாழ்த்திப் பார்ப்பது நல்லது.

இவையெல்லாம் மற்ற இசைகளுக்கும் பொருந்துபவையே. மெட்டல் இசையில் இவை பன்மடங்கு கடுமையாவதற்குக் காரணம் டிஸ்டார்ஷன், அதாவது பெருக்கியின் தாங்கும் எல்லையைக் கடந்து மின்குறிப்பைச் செலுத்தி, அலையின் முகடுகளை வெட்டுண்டு போகச் செய்யும் முறை. ஒரேயொரு தூய சுரத்தின் அலை இவ்வாறு வெட்டுண்டால், அதன் அதிர்வெண்ணின் முழு மடங்குகளான மேற்சுரங்கள் புதிதாகத் தோன்றுகின்றன. இரண்டு சுரங்கள் ஒருங்கே சென்றால் அவற்றின் மேற்சுரங்களோடு, இரு அதிர்வெண்களின் கூட்டுத்தொகையிலும் வேறுபாட்டிலும் புதிய சுரங்கள் பிறக்கின்றன. 82.4 ஹெர்ட்ஸ் 'ஈ'யையும் அதன் பஞ்சமமான 123.5 ஹெர்ட்ஸ் 'பி'யையும் சேர்த்து வாசித்தால், அவற்றின் வேறுபாடான 41 ஹெர்ட்ஸில், அதாவது அடித்தந்திக்கு ஒரு முழு ஸ்தாயி கீழே, எந்தத் தந்தியும் ஒலிக்காத ஒரு சுரம் பெருக்கிக்குள் உருவாகிறது. மெட்டல் இசையின் பவர் கார்டுக்கு உள்ள பெருந்தோற்றம் பெரும்பாலும் இவ்வாறு பிறக்கும் சுரங்களின் கொடை. மெல்லிய தந்திகளைப் பூட்டியிருந்த கிட்டாரிலிருந்து அவ்வளவு கனம் எப்படி வந்தது என்பதற்கான விளக்கத்தின் முக்கியமான பகுதியும் இதுவே.

அவ்வாறு பிறக்கும் சுரங்கள் ஒன்றோடொன்று இயைந்து ஒலிக்க வேண்டுமானால், மூலச் சுரங்களின் விகிதம் எளிய முழு எண்களுக்கு நெருங்கியதாக இருக்க வேண்டும். கிட்டாரின் ஃப்ரெட்டுகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகப் பகுப்பவை. இப்பகுப்பில் பஞ்சமம், தன் தூய விகிதமான 3:2இலிருந்து அரைச்சுரத்தின் நூறில் இரண்டு பங்கு மட்டுமே விலகுகிறது, ஆனால் அந்தர காந்தாரத்துக்கு நிகரான சுரம் 5:4 விகிதத்திலிருந்து ஏறத்தாழ பதினான்கு பங்கு விலகுகிறது. டிஸ்டார்ஷனில் பஞ்சமம் திண்மையாகவும், காந்தாரம் சேர்ந்த முழுக் கார்டு குழம்பியும் ஒலிப்பதற்கு இது ஒரு காரணம். இத்தனை நுண்ணிய விலகலையே பெருக்கிக் காட்டும் ஓர் அமைப்பில், தொய்வினால் சுரம் பிறழும் தந்தி எவ்வளவு அழிவைச் செய்யும் என்பதை எளிதில் உணரலாம்.

அப்படியானால் தந்தியைத் தடிமனாக்கிக்கொண்டே போகலாம் என்று தோன்றக்கூடும். அதற்கும் இயற்கை ஓர் எல்லையை வைத்திருக்கிறது. மெர்சென் விதிகள் முற்றிலும் நெகிழ்வான தந்தியைக் கருதுபவை. உண்மையான எஃகுத் தந்திக்கு விறைப்பு, அதாவது வளைய மறுக்கும் தன்மை, உண்டு. அதன் காரணமாக மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்குகளில் நில்லாமல், மேலே போகப்போகச் சிறிது சிறிதாக உயர்ந்து விலகுகின்றன. தடித்த குறுந்தந்தியில் கேட்கும் மணியொலி போன்ற உலோகச் சாயல் இதனால் வருவது. விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கோடு வளர்கிறது என்பதால், திண்மையான எஃகுக் கம்பி ஒன்றின் விட்டத்தை இரட்டித்தால் விறைப்பு பதினாறு மடங்காகும். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கைவினைஞர்கள் நரம்புத் தந்தியின்மேல் மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றி இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டனர். சுற்றப்பட்ட கம்பி நிறையைக் கூட்டுகிறது, வளைவுக்கோ பெரிதாகத் தடை செய்வதில்லை. இன்றைய கிட்டாரின் தடித்த மூன்று தந்திகளும் இவ்வாறு எஃகு உட்கம்பியின்மேல் சுற்றப்பட்டவையே. ஆயினும் மொத்தத் தடிமன் கூடும்போது உட்கம்பியும் ஓரளவு கூடவே தடிப்பதால் விறைப்பு திரும்ப வந்துசேர்கிறது. டிஸ்டார்ஷனில் அதன் விலகிய மேற்சுரங்கள் ஒன்றோடொன்று மோதி, ரிஃப்பைச் சேறாக்கிவிடுகின்றன.

தடித்த தொகுப்புகளில் மூன்றாம் தந்தியான 'ஜி'க்கு இதே சிக்கல் வேறொரு வடிவில் வருகிறது. 10–46 தொகுப்பில் அது 17 அளவுள்ள, சுற்றில்லாத வெறுங்கம்பி. 12இல் தொடங்கும் தொகுப்புகளில் அது 20ஐ எட்டும்போது, திண்மையான எஃகாதலால் விறைத்து, கார்டுகளில் சுருதி சேராமல் துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்நிலையில் சுற்றப்பட்ட மூன்றாம் தந்தியைத் தேர்வது ரிஃப்பும் கார்டும் மிகுதியாக வாசிப்பவர்க்கு ஏற்றது. தனி வாசிப்பில் தந்தியை வளைத்துச் சுரத்தை ஏற்றுபவர்க்கு வெறுங்கம்பியே கைகொடுக்கும்.

சுருதி மிகவும் தாழும்போது உண்மையான தீர்வு தந்தியில் இல்லாமல் கருவியின் நீளத்தில் இருக்கிறது. 1990இல் ஐபனெஸ் நிறுவனம் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாய்க்காக வெளியிட்ட யுனிவர்ஸ் என்னும் ஏழு தந்திக் கிட்டாரை, 1994இல் முதல் தொகுப்பை வெளியிட்ட கார்ன் குழு மேலும் தாழ்த்தி, அடித்தந்தியை 55 ஹெர்ட்ஸ் 'ஏ'யில் நிறுத்தியது. ஸ்வீடனின் மெஷுகா குழு எட்டுத் தந்திக் கிட்டாரை மெட்டல் இசையின் நடுவே கொண்டுவந்தது. எட்டுத் தந்திக் கிட்டாரின் வழக்கமான அடிச்சுரம் 46.2 ஹெர்ட்ஸ் 'எஃப் ஷார்ப்'. நான்கு தந்தி பாஸ் கிட்டாரின் அடிச்சுரத்துக்கு இரண்டே அரைச்சுரம் மேலே இருப்பது அது. பாஸ் கிட்டாரின் அதிரும் நீளம் பெரும்பாலும் 34 அங்குலம் என்பதை நோக்கினால், அதே சுருதிப் பகுதியை 25.5 அங்குலத்தில் பெற முயல்வது எத்தகைய வலிந்த முயற்சி என்பது புலப்படும். 27 அங்குல நீளமுடைய கிட்டாரில் அதே தந்தி அதே சுருதியில் 12 விழுக்காடு கூடுதல் இழுவிசையோடு நிற்கிறது. 'பி'க்கு 62 தேவைப்பட்ட இடத்தில் அங்கே 58 போதுமானதாகிறது. உட்கம்பியும் அதே விகிதத்தில் மெலிவதாகக் கொண்டால், மேற்சுர விலகல் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும். மெஷுகாவின் பெயரில் ஐபனெஸ் செய்த எம்8எம் என்னும் கருவியின் நீளம் 29.4 அங்குலம் என்பது, இத்திசையில் எவ்வளவு தொலைவு போக வேண்டியிருந்தது என்பதைக் காட்டுகிறது. நீளம் கூடினால் மெல்லிய தந்திகள் தேவைக்குமேல் இறுகிவிடுமே என்னும் தடைக்கும் விடை உண்டு: ஒவ்வொரு தந்திக்கும் வெவ்வேறு நீளம் அமையுமாறு ஃப்ரெட்டுகளை விசிறிபோல் சாய்த்துப் பதிக்கும் முறைக்கு, ரால்ஃப் நோவாக் என்னும் அமெரிக்கக் கைவினைஞர் 1989இல் காப்புரிமை பெற்றார். 'பி'க்குக் கீழே நிலையாக இறங்க எண்ணுபவர், 70ஐத் தாண்டிய தந்தியைக் குறுகிய கிட்டாரில் திணிப்பதைவிட, நீண்ட கழுத்துடைய கருவிக்காகப் பொறுத்திருப்பதே அறிவுடைமை.

தந்தியின் உலோகத்தைப் பற்றிக் கடைகளில் பேசப்படும் அளவுக்கு மெட்டல் இசையில் அதற்குப் பங்கில்லை. பிக்கப் மின்காந்தத் தூண்டலால், அதாவது காந்தப்புலத்தில் அசையும் இரும்புத் தந்தி அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டத்தை எழுப்பும் முறையால், இயங்குவது. ஆகவே காந்தத்துக்கு உட்படும் உலோகமே அங்கே பயன்படும். நிக்கல் பூசிய எஃகுச் சுற்று பரவலாக வழங்குகிறது. தூய நிக்கல் மென்மையாகவும், துருப்பிடிக்காத எஃகு மேற்சுரங்கள் மிகுந்து கூர்மையாகவும் ஒலிக்கும். மீட்டலின் தொடக்கத்தில் எழும் அடியோசையில் இவ்வேறுபாடு கேட்கும் என்றாலும், டிஸ்டார்ஷன் தானே ஏராளமான மேற்சுரங்களை உண்டாக்கிவிடுவதால், தடிமனிலும் இழுவிசையிலும் செய்யும் தவறை எந்த உலோகத்தாலும் திருத்த முடியாது. எஃகுச் சுற்று ஃப்ரெட்டுகளை விரைவாகத் தேய்க்கும் என்பதும் கருதத்தக்கது.

உலோகத்தைக் காட்டிலும் தந்தியின் வயது முக்கியமானது. விரல்களின் வியர்வையும் அழுக்கும் சுற்றுகளின் இடுக்கில் சேர்ந்து, தந்தியின் நிறையை ஆங்காங்கே கூட்டி மேற்சுரங்களை அடக்குகின்றன. ஃப்ரெட்டுகளில் அழுந்தும் இடங்களில் தழும்புகள் விழுகின்றன. நிறை ஒரே சீராக இல்லாத தந்தியைக் கழுத்து முழுவதும் ஒரே சுருதியில் நிறுத்தவே முடியாது. நெகிழிப் படலம் பூசிய தந்திகள் இந்த அழுக்கைத் தடுத்து நெடுநாள் உழைக்கின்றன; கடலோரத்திலும் ஈரம் மிகுந்த ஊர்களிலும் வாழ்பவர்க்கு அவற்றின் கூடுதல் விலை வீணாகாது.

தடிமனை மாற்றுவது கருவியின் சமநிலையையே மாற்றுவதாகும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 12இல் தொடங்கும் தொகுப்பைச் சுருதி தாழ்த்தாமல் வழக்கமான நிலையிலேயே பூட்டினால், கழுத்தின்மேல் விழும் மொத்த விசை 60 கிலோவைத் தாண்டும்; கழுத்துக்குள் பதிக்கப்பட்டுள்ள டிரஸ் ராட் என்னும் இரும்புத்தண்டைத் திருகி வளைவைச் சரிசெய்யாவிட்டால், தந்திகள் கழுத்திலிருந்து விலகி உயர்ந்துவிடும். தடித்த தந்தி பழைய நட் பள்ளத்தில் சிக்கிக்கொண்டால் சுருதி நழுவும். அப்பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்த வேண்டியிருக்கும். வில்சுருள்களின் விசையும் தந்திகளின் விசையும் எதிரெதிரே சமன்பட்டு மிதக்கும் ஃபிளாய்ட் ரோஸ் வகைப் பிரிட்ஜில், தடிமன் மாறினாலும் சுருதி மாறினாலும் வில்சுருள்களையும் மாற்றியமைக்க வேண்டும். இன்டொனேஷன் எனப்படும் நீளத் திருத்தம் எல்லாக் கிட்டார்களுக்கும் கட்டாயமானது: 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி எழுப்பும் சுரம், திறந்த தந்தியின் சுரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே நிற்கும்வரை பிரிட்ஜிலுள்ள தாங்கியை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். உட்கம்பி தடித்த தந்திக்குத் தாங்கி வழக்கத்தைவிடப் பின்னே போக வேண்டியிருக்கும். சரியான தடிமனைத் தேர்ந்தவர்கள்கூட இத்திருத்தத்தைச் செய்யாமல், தந்தி சரியில்லை என்று கைவிடுவது வருந்தத்தக்கது.

தனி வாசிப்பை விரும்புபவர்க்கும் ரிஃப்பை விரும்புபவர்க்கும் ஒரே விடை கிடையாது. அரைச்சுரம், முழுச்சுரம் எனத் தந்தியை வளைத்து ஏற்றும் இடக்கைக்கு மேல் தந்திகள் இளகி இருப்பது நலம். உள்ளங்கையால் தந்தியை மெல்ல அடக்கியபடி விரைந்து அடிக்கும் வலக்கைக்கு அடித்தந்திகள் இறுகி இருப்பது நலம். இவ்விரண்டையும் ஒரே கருவியில் பெறுவதற்குத் தொகுப்பின் அட்டையில் அச்சிட்ட எண்களுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. இசைக்கருவிக் கடைகளில் தந்திகள் ஒற்றையாகவும் விற்கப்படுகின்றன. வாசிக்கப் போகும் சுருதியை முடிவு செய்துகொண்டு, அடித்தந்திக்கு மட்டும் அடுத்தடுத்த இரண்டு தடிமன்களில் ஒவ்வொன்று வாங்கி, ஒவ்வொன்றையும் பூட்டியபின் இன்டொனேஷனைச் சரிசெய்து, மேடையில் அடிக்கும் அதே வன்மையோடு, டிஸ்டார்ஷனோடு வாசித்துப் பாருங்கள். அடித்த கணத்தில் சுரம் மேலேறாமல் நிற்கும் தந்திகளுள் மெல்லியது எதுவோ, அதை வைத்துக்கொள்ளுங்கள்.